இந்த வீட்டில் எலி இல்லை

அந்தக் கூண்டைத்தானே பாக்கறே? உள்ள வந்ததிலேருந்து உன் கண்ணு அங்கேயே இருக்கு. பயப்படாதேம்மா, உக்காரு. கூண்டு மட்டும்தான் இருக்கு, எலி இல்ல. இந்த வீட்டுல எலி இல்லாம அஞ்சு மாசம் முடிஞ்சுபோச்சு.

அப்ப உள்ள எதுக்கு வடைன்னு கேக்கறியா. சொல்றேன். முதல்ல காபியக் குடி. சர்க்கரை போதுமா?

வாடகை, அட்வான்ஸ் எல்லாம் என் பையன்கிட்ட ஃபோன்ல பேசிக்கோ. இதை விடச் சொன்னதே அவன்தான். 'தனியா இருக்காதேம்மா, பின்பக்கத்தை யாருக்காவது விடு, பேச்சுத்துணையா இருக்கும்'னான். பெத்தவளுக்குப் பேச்சுத்துணைக்கு வாடகைக்கு ஆள் வைக்கிற காலம் இது. சமையல் மேடைகூட அவன்தான் ஆள் அனுப்பிக் கட்டிக் குடுத்தான். அவன் வரல, ஆள் வந்துச்சு.

ரெண்டு ரூம், தனி வாசல், தண்ணிக்குக் குறைவில்ல. ஒரே ஒரு கண்டிஷன். பெரிய ரூம்ல பரண் இருக்குல்ல, அதுல ஒரு தகரப் பெட்டி இருக்கும். அது என்னோடது. அது அங்கேயேதான் இருக்கும். நீ தொடக்கூடாது, உன் வீட்டுக்காரரும் தொடக்கூடாது. கொலுப் பெட்டி.

எலியத்தானே கேட்டே. சொல்றேன்.

போன வருஷம் தை மாசம் என் பையன் ஞானவேலுக்குக் கல்யாணம். பொண்ணு அரக்கோணம். சுகன்யா. ரத்தம் டெஸ்ட் பண்ற லேப்ல வேலை. நல்ல பொண்ணுதான், இல்லன்னு சொல்லல. ஆனா ஒரு நிதானம். நான் பத்து வார்த்தை பேசினா ஒரு வார்த்தை பேசுவா, அந்த ஒரு வார்த்தையும் சரியா இருக்கும். அது மாதிரி ஆளுங்களோட சண்டை போடவே முடியாது, தெரியுமா உனக்கு?

சீர்ச் சாமான் மினி லாரியில வந்துச்சு. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜ், அப்புறம் பதினோரு அட்டைப்பெட்டி. நான் எண்ணினேன். பதினோரு பெட்டியும் அந்தப் பெரிய ரூம்ல போய் உக்காந்துச்சு. தை போச்சு, மாசி போச்சு, பங்குனி போச்சு. சித்திரையில ஒரு நாள் காலைல சமையல்கட்டுல பருப்பு டப்பா பக்கத்துல கறுப்பா நாலு புழுக்கை.

நாப்பது வருஷமா இந்த வீட்டுல இருக்கேன். ஒரு எலியக் கண்டதில்ல. காஞ்சிபுரமே எலித் தொல்லைன்னு அழுதப்பகூட எங்க வீட்டுல இல்ல. அட்டைப்பெட்டி வந்த மூணாம் மாசம் எலின்னா யாருக்கும் என்ன தோணும்? எனக்கும் அதான் தோணுச்சு. தோணினதைச் சொன்னேன். மனசுல ஒண்ணு வெச்சுக்கிட்டு வெளியில ஒண்ணு பேசற பழக்கம் எனக்கு இல்ல.

அவ என்ன பண்ணா? சண்டை போட்டாளா? இல்ல. ஞாயித்துக்கிழமை அன்னைக்கு ஒரே ஆளா பதினோரு பெட்டியையும் பிரிச்சு, உதறி, வெயில்ல காய வெச்சு, 'பாருங்க அத்தை, எதுலயும் ஓட்டை இல்ல, புழுக்கை இல்ல'ன்னு கொண்டுவந்து காட்டினா. எனக்கு எப்படி இருக்கும் சொல்லு. நாலு வீட்டு மாடியிலேருந்தும் பாத்துக்கிட்டிருக்காங்க.

'ஓட்டை இல்லன்னா என்ன, உள்ள இருந்தது எப்பவோ குதிச்சு ஓடியிருக்கும்'னேன்.

அப்பத்தான் அவ மாசமா இருக்கிறது தெரிஞ்சுது. சந்தோஷப்படலையான்னா, பட்டேன். கோயிலுக்குப் போய் அர்ச்சனை பண்ணிட்டு வந்தேன். ஆனா மசக்கை அவளைப் போட்டுப் பாத்துச்சு. காலைல எழுந்தா வாந்தி. எழுந்திரிக்கறதுக்கு முன்னாடி படுக்கையிலேயே ஒரு ரஸ்க்கைக் கடிச்சா நிக்கும்னு லேப்ல யாரோ சொன்னாங்களாம். தலைமாட்டுல ஒரு டப்பா நிறைய ரஸ்க். நானும் பாத்தேன், பாத்தேன், ஒரு நாள் போர்வைய உதறினா துணுக்கு துணுக்கா விழுது. எலிக்கு வெத்தலை பாக்கு வெச்சு அழைக்கிற மாதிரி இருக்கேம்மான்னு கேட்டேன். டப்பாவை எடுத்து சமையல்கட்டு அலமாரியில வெச்சுப் பூட்டினேன்.

பசிச்சா என்னைக் கேளு, எடுத்துத் தரேன்னு சொன்னேன். தர மாட்டேன்னு சொல்லலையே. அவ ஒரு நாளும் கேக்கல. கேக்காதது என் தப்பா? தினம் காலைல பாத்ரூம்ல அவ ஓங்கரிக்கிற சத்தம் இந்த ஹால் வரைக்கும் கேக்கும். கேக்கும், என்ன பண்றது. நானும் ஞானத்தைச் சுமந்தப்ப ஓங்கரிச்சவதான். எனக்கு யாரு ரஸ்க் குடுத்தாங்க?

எலி போகல. அது பாட்டுக்கு இருந்துச்சு.

ஞானம் ஒரு நாள் மருந்து வைக்கிற ஆளைக் கூட்டிட்டு வந்தான். முதுகுல டப்பா, வாயில துணி. வாசல்லயே நிறுத்திட்டேன். மாசமா இருக்கிற பொண்ணு வீட்டுல ஒரு உயிரைக் கொல்லக் கூடாதும்மா. உங்க பக்கம் எப்படியோ, எங்க பக்கம் தேங்காய்கூட அவ புருஷன் உடைக்கக் கூடாது. அந்த ஆள் மொறைச்சுட்டுப் போனான். சுகன்யா அன்னைக்கு ஒரு வார்த்தை சொன்னா. 'அத்தை, எலி மூத்திரத்துல ஒரு காய்ச்சல் வரும். மாசமா இருக்கிறவங்களுக்கு வந்தா குழந்தைக்கே ஆபத்து. நான் லேப்ல பாக்கறேன்.' லேப்ல பாக்கறாளாம். என் பேரக்குழந்தை மேல எனக்கு இல்லாத அக்கறை லேப்புக்கு.

அக்கறை இல்லாமயா நான் கூண்டு வாங்கினேன்? இதோ, இந்தக் கூண்டுதான். கடைத்தெருவுக்கு நானே போய் வாங்கிட்டு வந்தேன். மசால் வடை வெப்பேன். காலைல பாத்தா உள்ள ஒண்ணு உக்காந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கும். கூண்டைத் துணிப்பையில போட்டு மூடி, ஷேர் ஆட்டோ ஏறி, ஏரிக்கரையில கொண்டுபோய்த் தொறந்து விடுவேன். ஒரு தடவை பக்கத்துல உக்காந்திருந்த அம்மா, 'என்ன கொண்டு போறீங்க, வாசனையா இருக்கே'ன்னா. மசால் வடைன்னேன். பொய் இல்லையே. பதினாலு எலி, பதினாலு தடவை ஏரிக்கரை. இந்த முட்டிய வெச்சுக்கிட்டு. இதை யாரு பேசறாங்க? ரஸ்க் டப்பாவைத்தான் பேசறாங்க.

அதுக்கு நடுவுலதான் ஒரு நாள் அவ வந்து நின்னா. 'அத்தை, சத்தம் பரண்லேருந்து வருது. அந்தத் தகரப் பெட்டிக்குள்ளதான்னு நெனைக்கிறேன். ஒரு தடவை தொறந்து பாத்துடலாமா?'

நீ கொலு வைக்கிற வழக்கமா? இல்லையா. அப்ப உனக்குச் சொல்லணும். விஜயதசமி முடிஞ்ச மறுநாள் பொம்மைங்களைத் துணியில சுத்திப் பெட்டியில படுக்க வெச்சுடுவோம். அப்புறம் அடுத்த புரட்டாசி, மகாளய அமாவாசை அன்னைக்குத்தான் பெட்டியத் தொறக்கணும். நடுவுல தொறக்கிறது எங்க வீட்டுல கிடையாது. என் மாமியார் காலத்துலேருந்து கிடையாது. அவங்க தவறிப்போன வருஷம்கூட அந்தப் பெட்டி அமாவாசைக்குத்தான் தொறந்துச்சு.

'அதுல என்ன இருக்குன்னு எலி போகும்? களிமண்ணும் காகிதக்கூழும்தானே. எலி களிமண்ணைத் தின்னுமா, உங்க லேப்ல கேட்டுட்டு வா'ன்னேன்.

அவ லேப்புக்குக் கிளம்பிட்டா. ரெண்டு வாரம் கழிச்சு மறுபடியும் கேட்டா. இந்தத் தடவை ஞானமே ஸ்டூலைப் போட்டு ஏறிட்டான். 'இறங்குடா'ன்னேன். 'மாசமா இருக்கிறவ புருஷன் பரண் ஏறி இடிக்கிற வேலை வெச்சுக்கக் கூடாது, இறங்கு.' இறங்கிட்டான். அவன் எப்பவும் இறங்கிடுவான். நல்ல பிள்ளை.

அப்படியே ஆடி வந்துச்சு. அவளுக்கு அஞ்சாம் மாசம். ஏதோ விசேஷத்துக்குப் போகணும்னு கட்டிலுக்கு அடியில இருந்த சூட்கேஸை இழுத்துத் தொறந்தா. அவளோட முகூர்த்தப் பட்டு அதுலதான் இருந்துச்சு. அரக்கு நிறம், ரெட்டைப்பேட்டு, ரெண்டு பக்கமும் ஜரிகைக் கரை. நாங்க எடுத்துக் குடுத்தது. சூட்கேஸ் மூலையில ஓட்டை. புடவையப் பிரிச்சா, முந்தானையில ஒரு கை நுழையற அளவுக்குத் துணியே இல்ல. கடிச்சு, இழுத்து, எங்கேயோ கொண்டுபோயிருக்கு.

அவ அழல. அந்த ஓட்டை வழியா கைய விட்டுப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தா. எனக்கு வயிறு எரிஞ்சுது. எரிச்சல்ல வாய் என்ன பேசுதுன்னு தெரியுமா? 'பட்டுப் புடவைய எவளாவது கட்டிலுக்கு அடியில வைப்பாளா'ன்னேன். அதோட நிறுத்தியிருக்கலாம். 'உன்கூட வந்தது, உன்கூடத்தான் போகும்'னேன்.

எலியச் சொன்னேன். எலியத்தான் சொன்னேன்.

அவ நிமிந்து ஞானத்தைப் பாத்தா. அவன் புடவையப் பாத்துக்கிட்டிருந்தான். அவ்வளவுதான் நடந்துச்சு. யாரும் கத்தல, யாரும் யாரையும் வெளியில போன்னு சொல்லல. மறுநாள் காலைல அவங்க அம்மா அரக்கோணத்துலேருந்து கார் வெச்சுக்கிட்டு வந்துட்டாங்க. என் முன்னாடி நின்னு, 'கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும் சம்பந்தியம்மா'ன்னாங்க. சுகன்யா கால்ல விழுந்து கும்பிட்டுட்டுத்தான் போனா. அதையும் சொல்லணும்ல. தலை ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைச்சுட்டுப் போயிட்டாங்கன்னு நான் தெருவுல சொன்னேன். கொஞ்சம் பேர் நம்பினாங்க.

ரெண்டு வாரத்துல ஞானமும் போயிட்டான். அங்கேருந்தும் இங்கேருந்தும் கம்பெனிக்கு ஒரே தூரம்தான்னான். நான் மேப் பாக்கவா போறேன்.

எலி போகலம்மா. அவ போயாச்சு, அட்டைப்பெட்டி போயாச்சு, எலி போகல. ஆவணி முழுக்க வந்துச்சு. நான் யார்கிட்டேயும் மூச்சு விடல. தனியா கூண்டு வெச்சேன், தனியா ஏரிக்கரைக்குப் போனேன்.

புரட்டாசி அமாவாசை வந்துச்சு. எதிர்வீட்டுக்காரர் பெட்டிய இறக்கிக் குடுத்துட்டுப் போனார். எல்லா வருஷமும் ஞானம் இறக்குவான். தலைக்குக் குளிச்சு, விளக்கேத்தி, நான் மட்டும் உக்காந்து தொறந்தேன்.

வாடைதான் முதல்ல வந்துச்சு. அப்புறம் பாத்தேன், சுவத்துப் பக்கமா இருந்த மூலை துருப்பிடிச்சு, ரெண்டு விரல் போற ஓட்டை.

செட்டியார் பொம்மை பாத்திருக்கியா? செட்டியாரும் அவர் பொண்டாட்டியும் உக்காந்திருப்பாங்க, கொலுவுல அவங்க முன்னாடி கடை வெப்போம். சின்னச் சின்னக் கிண்ணத்துல அரிசி, துவரம்பருப்பு, கோதுமை, வெல்லம். கொலு முடிஞ்சா மத்தவங்க வீட்டுல அதை எடுத்துப் பொங்கிடுவாங்க. எங்க வீட்டுல அப்படி இல்ல. செட்டியார் கடை வருஷம் முழுக்கக் காலியா இருக்கக் கூடாதுன்னு என் மாமியார் எல்லாத்தையும் துணியில முடிஞ்சு செட்டியார் பக்கத்துலேயே வெச்சு மூடுவாங்க. அவங்களுக்கு அப்புறம் நான் வைக்கறேன். அதுக்கு முந்தின வருஷமும் வெச்சேன். ஐப்பசியில. அவ இந்த வீட்டுல கால் வைக்கறதுக்கு மூணு மாசம் முன்னாடி.

இருவது வருஷமா வைக்கறேன்மா, ஒண்ணும் ஆகல. பெட்டி துருப்பிடிச்சுதுக்கு நான் என்ன பண்ணுவேன்? களிமண்ணுன்னு அவகிட்ட சொன்னப்ப எனக்கு முடிச்சு ஞாபகமே இல்ல. சத்தியமா இல்ல. இருந்துச்சோ என்னவோ, இப்ப யாருக்குத் தெரியும்.

முடிச்சு எல்லாம் நார் நாரா கிழிஞ்சு, உமியும் தூளும்தான் மிச்சம். செட்டியாருக்கு மூக்கு இல்ல. அவருக்கும் அந்தம்மாவுக்கும் நடுவுல ஒரு கூடு. பஞ்சு மாதிரி உருண்டையா, மெத்துன்னு. அரக்கு நிறப் பட்டு. நடுநடுவுல ஜரிகை மின்னுது. அதுக்குள்ள ஆறு குஞ்சு. கண்ணு தொறக்கல. ரோஸ் நிறமா, உன் சுண்டுவிரல் நுனி இருக்கும்.

முறத்துல வாரி பின்னாடி சாக்கடையில கொட்டினேன். கொல்லல. வெளியில போட்டேன், அவ்வளவுதான். அதுக்கும் கொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. அவ அப்ப ஏழாம் மாசம். ஆனா இந்த வீட்டுல இல்லையே, அரக்கோணத்துலதானே இருந்தா.

பெட்டியக் கழுவி, ஓட்டைக்குத் தகரம் அடிச்சேன். அன்னைக்கோட எலி நின்னுபோச்சு. ஒண்ணுகூட இல்ல.

நவராத்திரி மூணாம் நாள் அவளே ஃபோன் பண்ணா. நான் பண்ணல, அவளாத்தான் பண்ணா. கொலு வெச்சாச்சா, முட்டி வலி எப்படி இருக்குன்னு எல்லாம் கேட்டுட்டு, கடைசியில கேட்டா. 'எலி போயிடுச்சா அத்தை?'

அந்தக் குரல் எனக்கு இன்னும் காதுல இருக்கு. வரட்டுமான்னு கேக்கிற குரல்மா அது. எனக்குத் தெரிஞ்சுது. அந்த நிமிஷம் நல்லாத் தெரிஞ்சுது. ஆனா எதிர்ல மூக்கு இல்லாத செட்டியார் உக்காந்திருக்கார். போயிடுச்சுன்னு சொன்னா எப்படிப் போச்சுன்னு கேப்பா. கேட்டா என்ன சொல்றது? பெட்டிய ரெண்டு தடவை தொறக்கச் சொன்னாளே, அவகிட்ட என்ன சொல்றது?

'நீ போன மறுநாளே போயிடுச்சு'ன்னு சொன்னேன்.

 'அப்படியா அத்தை. சரிங்க அத்தை'ன்னு வெச்சுட்டா. அந்த மாசமே அரக்கோணத்துல வீடு பாத்துட்டாங்க. ஞானம் வந்து கட்டிலையும் பீரோவையும் ஏத்திக்கிட்டுப் போனான். அலமாரியில ரஸ்க் டப்பா இருந்துச்சு. எடுத்துட்டுப் போடான்னு குடுத்தேன். 'அது இருக்கட்டும்மா'ன்னுட்டான்.

ஒன்பதாம் மாசம் வளைகாப்புக்குன்னு வளையல் எல்லாம் வாங்கி வெச்சிருந்தேன். ஐப்பசி கடைசியிலேயே குழந்தை பொறந்துடுச்சு. பொண்ணு. எட்டாம் மாசம். இருவது நாள் கண்ணாடிப் பெட்டியில வெச்சிருந்தாங்க. எல்லாம் பிரஷராலன்னு டாக்டரே சொன்னாங்க. ஞானம் கேட்டு எனக்குச் சொன்னான், நானும் அந்த டாக்டரம்மாவைத் தனியா பிடிச்சு இன்னொரு தடவை கேட்டேன். வேற எதுவும் காரணம் இருக்குமான்னு. 'என்ன காரணம் சொல்றீங்க?'ன்னாங்க. ஒண்ணுமில்லன்னு வந்துட்டேன். கண்ணாடி வழியாத்தான் பாத்தேன். ரோஸ் நிறமா, கண்ண மூடிக்கிட்டு இருந்துச்சு. என்னால அங்க நிக்க முடியல.

இப்ப நல்லா இருக்கா. நாலு மாசம். ஃபோன்ல காட்டறாங்க. மடியில இன்னும் வாங்கல.

நான் என்ன மறைச்சேன் சொல்லு? யாரும் கேக்கல, நான் சொல்லல. கேட்டாளே ரெண்டு தடவைன்னு நினைக்கிறே. ரெண்டே தடவை. அவ்வளவு நிச்சயமா தெரிஞ்சவ ஒரு தடவை நான் கோயிலுக்குப் போன நேரத்துல ஏறித் தொறந்து பாத்திருக்கக் கூடாதா? நான் என்ன அடிச்சிருப்பேனா? கத்தியிருப்பேன். கத்திட்டு அடங்கியிருப்பேன். குடும்பம் குடும்பமா இருந்திருக்கும். அடக்கமா இருக்கிறேன்னு இருந்து எல்லாத்தையும் கெடுத்துட்டா.

அறுபத்தி நாலு வயசாகுது எனக்கு. இந்த வயசுல போய், அந்த முடிச்சை வெச்சவ நான்தாண்டின்னு எப்படிச் சொல்றது? வாய் வராதும்மா. அவ நம்பரை அழுத்திட்டு, மணி அடிக்கிறதுக்குள்ள வெச்சுடறேன்.

அதனாலதான் வடை. இப்ப புரியுதா? ஒரே ஒரு எலி மாட்டட்டும். வேற எதுவும் வேண்டாம். அந்த நிமிஷமே ஃபோன் போடுவேன். 'சுகன்யா, எலி மறுபடியும் வந்துடுச்சும்மா. அது உன் சாமான்ல வந்ததில்லபோல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்'னு சொல்லிடுவேன். அதைச் சொல்ல எனக்கு வாய் வரும். எலி இருக்கிற வீட்டுக்கு எவ குழந்தையத் தூக்கிட்டு வருவான்னு கேக்கறியா? முதல்ல தப்பு அவ மேல இல்லன்னு ஆகட்டும். அப்புறம் எலியப் பிடிக்க எனக்குத் தெரியாதா?

தினம் சாயங்காலம் கடையில ஒரு வடை. காலைல பாத்தா வெச்ச மாதிரியே இருக்கு. இந்தத் தடவை கொலு முடிஞ்சு பெட்டி கட்டறப்ப செட்டியார் பக்கத்துல அரிசியும் பருப்பும் எப்பவும்விட ரெண்டு பங்கு வெச்சேன். முடிச்சைக்கூட இறுக்கல. அடிச்ச தகரத்தையும் பிடுங்கிட்டேன். ஒண்ணும் வரல. வேண்டாம்னப்ப பதினாலு வந்துச்சு.

காபி ஆறிடுச்சே, சூடு பண்ணித் தரட்டுமா?

அது சரி, நீங்க இப்ப இருக்கிறது ஓட்டு வீடா? பக்கத்துல அரிசி மண்டியா? அப்ப எலி நிறைய இருக்கும். இல்ல இல்ல, தப்பா நினைக்காதே, குத்தமா கேக்கல. அட்வான்ஸைக் குறைச்சுக்கச் சொல்லி ஞானத்துகிட்ட நானே பேசறேன். சாமானை எல்லாம் அட்டைப்பெட்டியிலதானே கட்டுவீங்க? உதறிப் பாக்காதேம்மா. வெயில்ல எல்லாம் காய வைக்காதே. அப்படியே தூக்கிட்டு வந்துடு.

எப்ப வரீங்க?